ஊரின் பெயர்

யாழ்ப்பாண நகரின் நடுவே, புல்லுக்குளத்தின் அருகில், பொதுசன நூலகத்துக்கு அயலாகப் 11 மாடிக் கோபுரம் ஒன்று எழுந்து நிற்கின்றது. இந்திய அரசின் நன்கொடையால் அமைந்த கலாசார மையம் அது. 2015 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 2022 மார்ச் 28 இல் திறக்கப்பெற்று, 2023 பெப்ரவரி 11 இல் மக்களுக்கு உரித்தாக்கப்பெற்றது. பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த கொடை. திருகோணமலையிலிருந்து மாணவர் சிலருடன் வவுனியா வழியாகச் சென்று அதனைக் கண்டோம்.

600 பேர் அமரத்தக்க அரங்கு, இரண்டு தளங்களில் நூதனசாலை, கல்விக்கென அக்கோபுரம் என யாவும் சிறப்பாகவே உள்ளன. எனினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது வெளியே அமைந்த திறந்த முற்றமே. கிழக்கு மாகாணத்துக் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. சுற்றிலும் மக்கள் அமர்ந்து காண்பது. குளிரூட்டிய மண்டபத்தில் ஒரு முகமாக நின்று ஆடினால் அதன் பாதி உயிர் போய்விடும். இம்முற்றத்தில் விடிய விடிய ஒரு கூத்து நிகழ்ந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம்.

2025 ஜனவரியில் இம்மையத்துக்குத் திருவள்ளுவரின் பெயர் சூட்டப்பட்டது. ஊரின் பெயர் அதில் இல்லையே என்று பலர் குறைகூறவே, ‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல் பின்னர் முன்னே சேர்க்கப்பட்டது.

“வள்ளுவர் பெயரே போதாதா, சேர்? ஊர்ப் பெயர் எதற்கு?” என்று மாணவர் ஒருவர் வினவினார்.

நல்ல வினா. வள்ளுவர் உலகத்துக்கு உரியவர். அவர் பெயரில் மன்றங்கள் எங்கும் உள்ளன. ஆனால் அயலிலுள்ள நூலகத்தை அவருக்குச் சுட்டிக் காட்டினோம். 1981 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டபோது, எரிந்தது எந்த ஊரின் நூலகம் என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பெயரிலேயே ஊர் இருந்தது. மீண்டும் அது எழுந்தபோதும் அப்பெயரோடுதான் எழுந்தது.

துறைமுகத்தவராகிய நமக்கு இஃது இன்னும் உறைக்கும். ஆங்கிலத்தில் ‘ஓர்ஸ் ஹில்’ எனப்படும் மேடு நமக்கு உவர்மலை. கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் வழியிலுள்ள கோட்டையோ, 1803 ஆம் ஆண்டு முதல் ஓர் ஆங்கில இளவரசரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பிரெடரிக் கோட்டை! 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்களும் அதில் உள்ளன. வாயிற் கற்களுள் ஒன்றில் குளக்கோட்டனை நினைவூட்டும் தமிழ்க் கல்வெட்டும், பாண்டியரின் இணைக்கயலும் காணப்படுகின்றன. ஆலயத்துக்குச் செல்வோர் யாவரும் அக்கல்லைக் கடந்தே செல்கின்றனர். நின்று நோக்குவோர் மிகச் சிலர். ‘பிரெடரிக்’ என்னும் பெயரோ அனைவர் நாவிலும் உள்ளது.

அம்மாணவர் உடனே விடவில்லை. “அப்படியானால் நமது ஊரில் இப்படியொரு மையம் எழுந்தால் என்ன பெயர் வைப்பது, சேர்?” என்றார். வண்டி வவுனியாவைத் தாண்டும் வரை அதே வாதம். ஒருவர் குளக்கோட்டன் என்றார். மற்றொருவர் கோணமலை என்றார். பின் இருக்கையிலிருந்த மாணவி, முதலில் கட்டிடம் வரட்டும் என்றார். அடுத்த வாரம் அவர்கள் அனைவரையும் கோட்டை வாயிலுக்கு அழைத்துச் சென்று அக்கல்லைக் காட்டுவதாக உள்ளோம்.