ஷிட்ஸுவும் திருச்சி வெயிலும்

நாய் வளர்க்கிறோம் என்று சொன்னால் முதல் கேள்வி, "கடிக்குமா?" இரண்டாவது, "என்ன ஜாதி?" ஷிட்ஸு என்றால் மூன்றாவது கேள்வியே வராது. "ஐயோ, க்யூட்!" என்று ஆரம்பித்து, "நானும் ஒண்ணு வாங்கப் போறேன்" என்று முடித்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது மக்களே. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு ஷிட்ஸுவின் பெயர் மிட்டாய். 2020 ஊரடங்கில் என் பெரியம்மா மகன் வாங்கியது. அண்ணனுக்கு அப்போது வீட்டிலிருந்தே வேலை, நாயும் அவரும் நாள் முழுக்க ஒன்றாக இருந்தார்கள். 2022இல் ஆபீஸ் திறந்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. அந்தச் சித்திரையில் மிட்டாயை எங்களிடம் கொண்டுவந்து விட்டு, "ரெண்டு மாசம் பாத்துக்கோ" என்றார். அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியவில்லை :-)

பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார். "என்னடி இது, துடைப்பத்துக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு! இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்? இத பாரு, அடுப்படிப் பக்கம் மட்டும் வரக் கூடாது, சொல்லிட்டேன்."

தூரத்திலிருந்து பார்த்தால் பட்டு மாதிரி முடி. தொட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது. காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில் எல்லாம் சிக்கு விழுந்து கம்பளி மாதிரி இறுகிப் போயிருந்தது. அது காலைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் அந்தச் சிக்கு தோலைப் பிடித்து இழுத்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, மெஷின் போட்டு எடுத்துவிடலாம் என்றார். அம்மாவுக்கு மனசு வரவில்லை. "மொட்டை அடிச்சா இத ஷிட்ஸுன்னு யார் சார் சொல்லுவா? மெதுவா சிக்கு எடுத்துடலாமே?" என்று கேட்டார். டாக்டர் சொன்ன பதில்: "ஏம்மா, அதுக்கு வலிக்குதான்னு முதல்ல பாருங்க. அழகை அப்புறம் பாக்கலாம்." முடியை எடுத்த பிறகு அடியில் சிவந்து, அங்கங்கே புண்ணாகிக் கிடந்த தோலைப் பார்த்ததும் அம்மா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

இந்த முடி ஏன் இப்படி? மற்ற பல நாய்களுக்கு முடி ஓரளவு வளர்ந்ததும் உதிர்ந்து தரையில் விழும். ஷிட்ஸுவுக்கு அது வளர்ந்துகொண்டே போகும். உதிர்கிற முடியும் கீழே விழாமல் மற்ற முடிகளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். "வீட்டில் முடியே கொட்டாது" என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். கொட்டாத முடியெல்லாம் சிக்காக மாறுகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இந்த இனத்தின் பூர்வீகம் திபெத். பெயருக்குச் சீன மொழியில் சிங்கம் என்று அர்த்தம். சீன அரண்மனையில் செல்லமாக வளர்ந்தது. 1908இல் இறந்த பேரரசி சிஷி இந்த நாய்களை ஆசையாக வளர்த்தவர். 1930களில் இங்கிலாந்துக்குப் போனது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: குளிர் நாடு, அதிலும் அரண்மனை, சீப்பு பிடிக்க ஆட்கள். இந்த மூன்றும் இருந்த இடத்துக்காக உருவாக்கிய நாயை நாம் மே மாதத் திருச்சிக்குக் கொண்டு வருகிறோம். நம் பக்கத்து நாய்களான ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் பாருங்கள். ஒட்டின முடி, நீள மூக்கு. வெயில் அவற்றுக்குப் பழக்கம்.

மூக்கு ஏன் முக்கியம் என்றால், நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஷிட்ஸுவுக்கோ சப்பை மூக்கு, காற்று போய்வரும் வழியே குறுகல். நாயின் சாதாரண உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் ஆபத்து.

2023 மே மாதம் இதை நேரிலேயே பார்த்தோம். மத்தியானம் ஒரு மணிக்குப் போன கரண்ட் மூன்று மணி வரை வரவில்லை. நான் கல்லூரியில், அம்மா வேலையில், வீட்டில் பாட்டி மட்டும். மிட்டாய்க்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது, எச்சில் கொழகொழவென்று ஒழுகியது, எழுந்து நிற்க முடியவில்லை. பாட்டி என்ன செய்தார் தெரியுமா? அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படித் தரையில் போட்டார். வீட்டிலேயே குளிர்ந்த தரை அதுதான். குடத்துத் தண்ணீரை வயிற்றிலும் காலிலும் ஊற்றி, பனை ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே அம்மாவுக்கு போன் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது சூடு 104.2. "தண்ணி ஊத்தி விசிறினது ரொம்ப சரி. ஈரத் துண்டப் போத்தி விட்டிருந்தா சூடு உள்ளேயே அடைஞ்சிருக்கும். யார் செஞ்சது?" என்று டாக்டர் கேட்டார். பாட்டிக்கு அன்றைக்கு முழுக்க அதே பேச்சுதான்.

அதன் பிறகு எங்கள் வீட்டு நடைமுறை இது:

நடை காலை ஆறு மணிக்கு முன்னால், இரவு ஏழரைக்குப் பிறகு. தார் ரோட்டில் புறங்கையை ஐந்தாறு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயையும் நடக்க விடக் கூடாது. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு மாட்டுகிற ஹார்னெஸ். சப்பை மூக்கு நாய்க்குக் கழுத்தை இழுப்பது நல்லதில்லை.

முடியை ஒரு அங்குல நீளத்துக்கு வெட்டி வைத்திருக்கிறோம். வெயில் என்று ஒட்டச் சிரைத்துவிடவும் கூடாது, தோல் நேராக வெயிலில் காயும்.

தினமும் இருபது நிமிடம் சீவ வேண்டும். மேலாகத் தடவிவிடுவது சீவுவது ஆகாது. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோல் வரைக்கும் சீப்பு போக வேண்டும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கு எடுத்துவிட வேண்டும், நனைந்தால் சிக்கு இன்னும் இறுகும். குளித்ததும் அடி முடி வரை காய வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஈரம் தங்கினால் தோலில் பூஞ்சை வந்துவிடும்.

கண்ணை தினமும் ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். பிதுங்கிய கண் என்பதால் முடி குத்தினாலே புண்ணாகும். ஒரு கண்ணை மூடிக்கொண்டே இருந்தால் "நாளைக்குப் பாக்கலாம்" என்று தள்ளக் கூடாது. பாத இடுக்கு முடியையும் வெட்ட வேண்டும், இல்லையென்றால் டைல்ஸில் வழுக்கும்.

சாப்பாட்டில் வெங்காயம், சாக்லேட், திராட்சை வேண்டவே வேண்டாம். பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையும் அதில் சேர்த்தி. நாய்க்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

சீவும் வேலை இப்போது பாட்டியுடையது. நாங்கள் யாரும் கேட்கவில்லை, தானாகவே எடுத்துக்கொண்டார். "சிக்க நுனியிலேர்ந்து எடுக்கணும்டி. வேர்லேர்ந்து இழுத்தா வலிக்காதா? உங்க அம்மாவுக்கு இடுப்பு வரைக்கும் முடி, இப்படித்தான் எடுப்பேன்" என்றார். நாய் முடியை அலங்கரிப்பவர்களும் நுனியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். தாத்தா போன பிறகு மத்தியான நேரத்தில் பாட்டி யாரிடமும் அதிகம் பேசியதில்லை. இப்போது இருபது நிமிடமும் மிட்டாயிடம் ஊர்க்கதை ஓடுகிறது. அதுவும் மடியில் படுத்துக்கொண்டு கேட்கிறது. இந்த நாய் எதற்காக உருவாக்கப்பட்டதோ அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. காவலும் தெரியாது, வேட்டையும் தெரியாது. பக்கத்தில் இருக்கத் தெரியும். அதனால்தான் ஆளில்லாத வீட்டில் அதைப் பூட்டிவிட்டுப் போவது எனக்குப் பெரிய கொடுமையாகப் படுகிறது.

அண்ணனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஊரடங்கில் தனியாக இருந்தவர், துணைக்கு வாங்கினார். வேலை மாறியதும் நாயின் வாழ்க்கையும் மாறிவிட்டது. அவருக்காவது நாங்கள் இருந்தோம்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். தினம் இருபது நிமிடம் என்றால் வருடத்துக்கு 120 மணி நேரத்துக்கு மேல். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 14 வருடம்கூட இருக்கும். மொத்தம் சுமார் 1,700 மணி நேரம், சீப்புக்கு மட்டும். படிப்பு, வேலை, கல்யாணம், ஊர் மாற்றம் எல்லாம் அந்த 14 வருடத்துக்குள்தான் வரும். முடியும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017 விதிகள் சொல்கின்றன, அதையும் கேட்டு வாங்குங்கள். முடியாது என்றால் தெருவில் ஒட்டின முடியோடு ஒரு குட்டி நிற்கும், அதற்குச் சீப்பே வேண்டாம், தடுப்பூசியும் சோறும் கொஞ்சம் அன்பும் போதும்.

இரண்டுக்கும் நடுவில் யோசிப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சீப்பு பாட்டியிடம் இருக்கிறது, கேட்டால் தருவார். ஆனால் நுனியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், வேரில் கை வைத்தால் மிட்டாய் சும்மா இருந்தாலும் பாட்டி விட மாட்டார்.