தரம்பார்த்தலும் டைட்ரேஷனும்

ஜூன் 27, 2025, வெள்ளி

அக்கா மகளுக்கு அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்பு. "சித்தி, உங்க ரெக்கார்டு நோட்டு இருந்தா குடுங்களேன், பாத்து எழுதிக்கிறேன்" என்று போன். சேரும் முன்பே காப்பியடிக்கத் தயார். என் ரத்தம்தான்.

பரணில் ரெக்கார்டு இல்லை. எப்போதோ பழைய பேப்பர்காரருக்குப் போயிருக்கும். கிடைத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. 2001 செப்டம்பர். நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ். பிரசிபிடேட் – வீழ்படிவு. இண்டிகேட்டர் – நிறங்காட்டி. முதல் வரி: டைட்ரேஷன் – தரம்பார்த்தல்.

ஜூன் 28, சனி

அந்த முதல் வரியின் கதையை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இங்கே எழுதி வைக்கிறேன்.

பிளஸ் டூ வரை தமிழ் வழி. கல்லூரியில் முதல் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. லேபில் பக்கத்துப் பெண்ணின் ரீடிங்கைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பெர்மாங்கனேட். பியூரெட்டில் ஊதா, கீழே கூம்புக் குடுவையில் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலம். அதில் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, ஆவி பறக்கச் சூடாக்கி, மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டின் நிறம் போகச் சற்று நேரமாகும். பிறகு விட விட மறையும். மறையாத இளஞ்சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். கந்தக அமிலம் போதவில்லை என்றால் பழுப்பாகக் கலங்கிவிடும். என்னுடையது டீத்தண்ணீர் மாதிரி இருந்தது. நோட்டில் மட்டும் 19.6, 19.6.

மேடம் குடுவையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "ஏம்மா, ஸ்கூல்ல தரம்பார்த்தல் பண்ணினதில்லையா?"

"அதுவா மேடம் இது?" என்று கேட்டுவிட்டேன்.

பள்ளியில் இதே ஊதாத் திரவத்தை வைத்துச் செய்முறைத் தேர்வில் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கியவள் நான். இங்கிலீஷைக் கேட்டு காது பயந்ததில் கையும் மறந்துபோயிருந்தது. அன்று சாயங்காலமே நோட்டு வாங்கினேன். இப்போது எண்ணிப் பார்த்தேன்: 214 சொற்கள். ஒரு வருஷம் நான் நடுங்கிய இங்கிலீஷ் மொத்தமே அவ்வளவுதான்.

ஜூன் 29, ஞாயிறு

வந்தாள். நோட்டைக் கொடுத்தேன். "கையெழுத்து ஏன் சித்தி இப்படி?" என்றாள்.

சொல்ல வேண்டியதை வரிசையில்லாமல் சொன்னேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, பேங்க் கணக்கில் ஆதாரை இணைத்துவிடு. லைப்ரரிக்கு நான் மின்விசிறிக்காக மட்டும் போனேன். நீ புத்தகத்துக்கும் போ. பிப்பெட் உடைந்தால் உடையட்டும், பிரேக்கேஜ் காசு நான் தருகிறேன், ஆனால் ரீடிங் உன்னுடையதாக இருக்கட்டும். புரியாததை அன்றைக்கே கேள்.

அரியர் விழுந்தால் யாராவது ராமானுஜனை இழுத்துக்கொண்டு வருவார்கள். கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் அவர் உதவித்தொகையை இழந்தது உண்மை. ஆனால் அவர் மற்றதை விட்டது கணக்குக்காக. நான் விட்டது வெட்கத்துக்காக. அந்த ஆறுதல் எனக்குப் பொருந்தாது, அவளுக்கும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் "சரி சித்தி" என்றாள். கண் போனில்.

ஜூன் 30, திங்கள்

ராத்திரி எட்டரைக்கு போன். "ஆபீஸ்ல போனஃபைட் வாங்கிக்கோன்னாங்க சித்தி. அப்படின்னா என்ன?"

"அங்கேயே கேட்டிருக்கலாமே?"

"எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டிட்டேன்."

இந்தக் கல்லூரியில்தான் படிக்கிறாள் என்று கல்லூரியே எழுதித் தரும் சான்று என்றேன். போனில் காகிதம் புரளும் சத்தம். கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாளாம், எண் 215.