குப்பைத் தொட்டியோரம் சாய்ந்திருக்கும் டியூப்லைட்

அணைந்துபோன டியூப்லைட்டைக் கழற்றிக் குப்பைத் தொட்டியோரம் சாய்த்து வைப்பது நம் தெருக்களில் வழக்கமான காட்சி. வண்டியில் இடம் பிடிக்காமலிருக்க, தூய்மைப் பணியாளர் அதை உடைத்துப் போடுகிறார். பல நேரம் கையுறைகூட இருப்பதில்லை. குழலுக்குள் இருப்பது பாதரசம்.

ஒரு சிஎஃப்எல் பல்பில் சில மில்லிகிராம்தான். ஆனால் பாதரசம் அழியாது. நீர்நிலைக்குப் போனால் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக்குகின்றன. மீன் வழியே அது சோற்றுத் தட்டுக்குத் திரும்பி வருகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது.

2011இல் வந்த இந்திய மின்னணுக் கழிவு விதிகளில் விளக்குகளுக்கு இடமில்லை. 2016 விதிகள்தான் பாதரச விளக்குகளையும் சேர்த்து, அவற்றின் கழிவுக்கான பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்தன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. தெருவில்தான் அது கண்ணில் படவில்லை!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2015இல் ஓர் ஏற்பாடு தொடங்கியது. அப்போது விளக்கு விற்கும்போதே சிறு கட்டணம் சேர்த்தார்கள். பழையதைக் கடைகளிலும் சேகரிப்பு மையங்களிலும் இலவசமாக ஒப்படைக்கலாம். நம் ஊர் மின்சாதனக் கடையிலும் அப்படி ஒப்படைக்க ஒரு பெட்டி இருக்க வேண்டும். அதற்கான செலவைத் தயாரிப்பாளர் ஏற்க வேண்டும், வெறுங்கையோடு கண்ணாடி பொறுக்கும் தொழிலாளி அல்ல.