தில்லியில் ஒரு முகவரி

இரண்டு வருஷத்துக்கு என்று வந்தவர்கள் தங்கிவிட்ட நகரம். ஆனால் யாருக்கு அது சொந்த ஊர்?

1978 டிசம்பரில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்து புது தில்லி ரயில் நிலையத்தில் இறங்கியபோது அந்தப் பெண்ணுக்கு வயது 22. திருமணமாகி மூன்று மாதம். கும்பகோணத்திலிருந்து கொண்டு வந்த டிரங்குப் பெட்டியில் இட்லிக் கொப்பரை இருந்தது. புளி, மோர் மிளகாய், அப்பளக் கட்டு எல்லாம் இருந்தன. ஸ்வெட்டர் மட்டும் இல்லை. அப்படி ஒரு பொருள் தேவைப்படும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த கணவர் ஆறுதல் சொன்னார்: "இரண்டே வருஷம். அப்புறம் மெட்ராசுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடலாம்." தில்லிக்கு வந்த தமிழர்களில் பலரும் மனைவியிடம் சொன்ன பொய் அது. சொன்னபோது அவர்களும் அதை நம்பினார்கள்.

குடித்தனம் கரோல்பாக்கில் ஒரு பர்சாதியில் ஆரம்பித்தது. பர்சாதி என்றால் மொட்டை மாடியில் ஒற்றை அறை. கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ் பெட்டி. வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மாள் அவளை 'மதராசன்' என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் முதல் வாரமே கனமான ரஜாய் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்ததும், காய்கறிக்காரனிடம் பேரம் பேச இந்தி கற்றுக் கொடுத்ததும் அவள்தான். 1947இல் லாகூரிலிருந்து கட்டிய துணியுடன் வந்தவள். "எங்களுக்கு மட்டும் இது சொந்த ஊரா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

யாருக்குத்தான் சொந்தம்? 1911இல் பிரிட்டிஷ் அரசு தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து இங்கே மாற்றுவதாக அறிவித்த பிறகு, ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் தெரிந்த மதராஸ் மாகாணத்து இளைஞர்களுக்கு ஃபைல்களோடு வேலையும் வந்தது. குழந்தைகள் தமிழ் படிக்க அவர்கள் தொடங்கிய முயற்சி, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக நிற்கிறது. 1973இல் ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேல் சுவாமிநாதனும் குடியேறிவிட்டார். கடவுளே வந்த பிறகு மாற்றல் பேச்சு எடுபடுமா?

ஆறு வருஷக் காத்திருப்புக்குப் பின் லோதி காலனியில் அரசுக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அங்கேதான் இன்னொரு தமிழ்ப் பெண் வேலை கேட்டு வந்து நின்றாள். விழுப்புரம் பக்கம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஊரெங்கும் கட்டடங்கள் எழும்பியபோது சித்தாளாக வந்தவள். ஜங்புராவில், பாராபுல்லா வாய்க்கால் கரையிலிருந்த மதராசி கேம்ப்பில் குடிசை. நிஜாமுதீன் நிலையத்து ரயில் சத்தம் கேட்கும் தூரம். ஊருக்குப் போகும் ரயில்தான், ஏறத்தான் காசில்லை.

இருவரும் அதே நகரத்துக்கு, அதே மொழியோடு வந்தவர்கள். ஒருத்திக்கு அரசாங்கம் வீடு கொடுத்தது. மற்றவள் வாய்க்கால் கரையில் தானே கட்டிக்கொண்டாள். ஆனால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கே போனார்கள். ஒரு மத்தியானம், சமையலறை மேடை மேல் வைத்து அவளுடைய வாக்காளர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார் வீட்டுக்காரர். "பத்திரமா வைத்துக்கொள், என்றைக்காவது உதவும்" என்றார்.

2008இல் அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. கும்பகோணத்து வீடு எப்போதோ விற்றாகிவிட்டது. சேமிப்பையும் ஓய்வூதியப் பணத்தையும் போட்டு யமுனைக்கு அந்தப் பக்கம், மயூர் விஹாரில் ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். அவர் மறைந்த பிறகும் மாமி அங்கேதான்.

2025 ஜூன் 1ஆம் தேதி மதராசி கேம்ப்புக்குள் புல்டோசர்கள் நுழைந்தன. மழைக்காலத்தில் வெள்ளம் வராமல் இருக்க வாய்க்காலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. சுமார் 60 வருஷத்துக் குடியிருப்பு. 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று கணக்கிடப்பட்டன. அந்த வீடுகளும் நகரத்தின் வடக்கு விளிம்பில், சுமார் 40 கி.மீ. தள்ளி, நரேலாவில்.

பாட்டியாகிவிட்ட அந்தப் பெண்ணுக்கு வீடு கிடைத்தது. தகரப் பெட்டியில் வைத்திருந்த பழைய காகிதங்கள் கைகொடுத்தன. தனிக் குடித்தனம் போயிருந்த மகனிடம் போதிய ஆவணம் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களையே தகுதியுள்ளவர், தகுதியில்லாதவர் என்று பிரித்துவிடுகிறது ஒரு பட்டியல்.

சேதி கேட்டதும் மாமி போனில் சொன்னாள்: "பேசாம ஊருக்கே போயிடேன். திரும்பி வரவாளுக்கு உதவி பண்றதா தமிழ்நாட்டு கவர்மென்ட் சொல்லியிருக்கே."

"எந்த ஊருக்கு மாமி? அங்க எனக்கு யாரு இருக்கா? என் புள்ளைங்க பொறந்தது இங்க. அவரு செத்தது இங்க. நரேலாவுல எந்த வீட்டுல வேலை கேக்கறதுன்னுகூடத் தெரியல."

மாமிக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதே கேள்வியை யாராவது தன்னிடம் கேட்டால்? கும்பகோணத்தில் இறங்கினால் எந்தத் தெருவுக்கு வழி கேட்பது?

கொஞ்ச நேரம் கழித்து மாமி கேட்டாள்: "குழந்தை படிப்பு என்னாறது?" பேத்தி அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. நரேலாவிலிருந்து தினமும் போய்வருவது நடக்கிற காரியமில்லை. பக்கத்துப் பள்ளியில் சேர்த்தால் தமிழ் கிடையாது.

"பரீட்சை முடியற வரைக்கும் இங்கே இருக்கட்டும். எனக்கும் துணையாச்சு."

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் பாட்டியும் பேத்தியும் மயூர் விஹாருக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே ஒரு பை. மாமி பிரித்து அலமாரியில் அடுக்கினாள். பாடப் புத்தகங்கள், இரண்டு செட் சீருடை, தலைக்கு எண்ணெய். அடியில், அந்தக் கொதிக்கிற வெயிலிலும் மறக்காமல் மடித்து வைத்த ஒரு ஸ்வெட்டர்.