மிச்சம் தின்று வாழும் மீன்

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் கடந்த வாரம் தொலைபேசியில் அழைத்தார். நாட்டு நடப்புகளைப் பேசி முடித்த பின்னர், சற்றுத் தயக்கத்துடன், தம் மகன் வீட்டு மீன்தொட்டியில் இருக்கும் கெளிறு இன மீன்களுக்கு எந்த உணவு நல்லது என்று கேட்டார். தேர்தல், போர், வெள்ளம் என்று எழுதியே காலம் கழித்த ஒரு பத்திரிகைக்காரனிடம் கேட்கும் கேள்வியா இது என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் இதற்கான விடையை நான் இரண்டு தவறுகள் செய்து, அவற்றுக்குச் சில உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றவன். எனவே நண்பருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆலையடிவேம்பில் பிறந்த எவருக்கும் கெளிறும் சுங்கானும் புதியவை அல்ல. தமிழகத்து வாசகர்கள் கெளுத்தி என்று சொல்லும் மீசைக்கார மீன்களின் உறவுகள் இவை. மாரி மழையில் தில்லையாறு பெருகி வயல் வாய்க்கால்களில் ஏறும்போது சுங்கானும் கூடவே ஏறிவரும். தண்ணீர் வற்றியதும் சேற்றுக்குள் கைவிட்டுப் பிடிப்போம். அதன் முள் குத்தினால் அன்றிரவு உறக்கம் இல்லை. அம்மா அவற்றை உடனே அறுக்கமாட்டார். ஒரு பானைத் தண்ணீரில் இரவு முழுவதும் விட்டு வைப்பார். "அழுக்குத் தின்னி. தின்டதக் கக்கட்டும்" என்பார்.

மீன் என்ன தின்றது என்ற கேள்வியை இந்தக் கரையோரம் வேறொரு விதமாகவும் கேட்டதுண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து வந்து போன பின்னர், பல வாரங்களுக்கு மக்கள் மீன் வாங்க அஞ்சினார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த நாட்களின் செய்திகளை எழுதியபோது தோன்றாத ஓர் எண்ணம் இப்போது தோன்றுகிறது. மீன் எதைத் தின்கிறது என்று நாம் கேட்டதெல்லாம் நமக்காகவே. மீனுக்காக அல்ல.

2021இல், பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், என் பேத்திக்காக ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். கப்பி மீன்கள் பத்து, கோரிடோரஸ் என்று சொல்லப்படும் சிறு மீசைமீன்கள் ஆறு, "டேங்க் கிளீனர்" என்ற பெயரில் எல்லாக் கடைகளிலும் விற்கப்படும் பிளெக்கோ ஒன்று. பக்கத்து ஊரான அக்கரைப்பற்றில் ஒரு சிறு கடையில் வாங்கினோம். மீசைமீன்களுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டேன். "அதுகளுக்குத் தனிச் சாப்பாடு ஒண்டும் தேவல்ல சேர். மத்த மீன் விடுற மிச்சத்தத் தின்டுட்டுக் கிடக்கும்" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதை எனக்குச் சொன்னார். என் அம்மா சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே. நம்பினேன்.

இரண்டு மாதங்களில் இரண்டு கோரிடோரஸ் இறந்தன. தொட்டி பளிங்குபோல் இருந்தது. நோய் எதுவும் தெரியவில்லை. பேத்தி ஒன்றைத் தாளில் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மப்பா, இதுக்கு வயிறே இல்ல" என்றாள். குழந்தை சொன்னதுதான் சரியான மரண விசாரணை அறிக்கை. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. நாம் தூவிய மிதக்கும் உணவைக் கப்பிகள் மேலேயே தின்று தீர்த்துவிட்டன. கீழே மிச்சம் என்று எதுவும் விழவேயில்லை.

அதன் பின்னர்தான் படிக்கத் தொடங்கினேன். மீசைமீன்களின் மீசை வெறும் அலங்காரம் அல்ல, அது நாக்கு. வட அமெரிக்க ஆறுகளில் வாழும் கெளிறு ஒன்றின் உடல் முழுவதும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சுவை அரும்புகள் உண்டு. மனிதனுக்கு இருப்பவை சில ஆயிரங்களே. இத்தனை நாக்குகளோடு பிறந்த உயிரை ருசி தெரியாத குப்பைத் தின்னி என்று முடிவுகட்டிவிட்டோம். மீசைமீன்கள் மற்ற மீன்களின் கழிவைத் தின்று வளர்பவை அல்ல. அடிமண்ணைக் கிளறும் மீன் அங்கே தேடுவது புழுவையும் பூச்சியையும் சிறு இறாலையும்தான்.

ஆகவே, எந்த உணவு சிறந்தது என்று கேட்பதற்கு முன்னர் மூன்றைப் பார்க்க வேண்டும். மீனின் வாய் எங்கே இருக்கிறது, அது எப்போது விழித்திருக்கிறது, அதன் இனம் எதைத் தின்றது என்பவையே அவை. கோரிடோரஸின் வாய் கீழ்நோக்கியது. அதற்கு மூழ்கும் குறுணை அல்லது வில்லை வேண்டும். அதில் மீன், இறால், புழு ஆகியவற்றின் புரதம் முதலிடத்தில் இருக்க வேண்டும். உணவுப் பெட்டிகளில் சேர்மானங்கள் பெரும்பாலும் நிறையின் வரிசைப்படி அச்சிடப்படுவதால், முதலில் கோதுமை மா என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். வாரத்தில் ஓரிரு நாள் உறைந்த இரத்தப்புழுவோ ஆர்டீமியாவோ கொடுத்தால் நல்லது. தரையும் மெல்லிய மணலாக இருக்க வேண்டும். கூரிய கற்களும் அழுக்கும் மீசையைத் தேய்த்துவிட்டால், மீன் உணவைக் கண்டறியும் கருவியையே இழந்துவிடும்.

பிளெக்கோ வேறு சாதி. உறிஞ்சும் வாயால் பாசியைச் சுரண்டித் தின்பது. ஆனால் ஒரு தொட்டியின் பாசி அதற்கு ஒரு வாரத்துக்கும் காணாது. பாசி வில்லையும் காய்கறியும் வேண்டும். வெள்ளரிக்காய், பூசணிக்காய், பசளிக்கீரை ஆகியவற்றைச் சற்று வெந்நீரில் வாட்டி, ஒரு கரண்டியில் குத்தித் தொட்டியின் அடியில் வைக்கலாம். நமது வெயிலில் காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். தலைகீழாக நீந்தும் கொங்கோ நாட்டுக் கெளிறு மேற்பரப்பில் விழும் பூச்சிகளைத் தின்பது. அதற்கு மூழ்கும் வில்லை மட்டும் போதாது. கண்ணாடிக் கெளிறு நடுத்தண்ணீரில் அசையும் இரையைத்தான் நாடும். எல்லா மீசைகளும் ஒரே பந்தியில் உட்காருவதில்லை.

நேரம் இன்னொன்று. இவற்றில் பல இரவில் உண்பவை. பத்திரிகை அலுவலகத்தில் இரவுக் கடமை பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பகல் ஆட்கள் உண்டு முடித்துச் சிற்றுண்டிச்சாலையும் பூட்டப்பட்ட பின்னர் கடைசிப் பக்கத்தை அனுப்பிவிட்டுப் பசியோடு நின்ற இரவுகள் எனக்கு நிறைய உண்டு. எங்களுக்கு என்று ஒரு பொதி சோற்றை எடுத்து வைத்த ஆள் இருந்த இடத்தில் மட்டுமே நாங்கள் பசியாறினோம். இப்போது வீட்டில் விளக்கை அணைத்து அரைமணி நேரம் கழித்துத்தான் மீசைமீன்களின் வில்லையைப் போடுகிறேன். கப்பிகள் உறங்கிவிடும். இருட்டில் மணல் கிளறப்படுவது தெரியும்.

முதல் தவறு பட்டினி என்றால் இரண்டாவது தவறு அதற்குக் கழுவாய் தேடப் போனதால் வந்தது. குற்ற உணர்வில் தாராளமாக வில்லைகளைப் போட்டு வந்தேன். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஓர் இரவு, உணவு போட்ட பின்னர் மின்சாரம் போனது. வடிகட்டியும் காற்றுப் பம்பும் நின்றன. தின்னாத உணவு அடியில் ஊறி, அதைச் சிதைத்த பற்றீரியாக்கள் இருந்த ஒட்சிசனையும் எடுத்துக்கொண்டன. விடிந்தபோது கப்பிகளில் ஏழு மிதந்தன. கோரிடோரஸ் நான்கும் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் சுவாசித்துத் தப்பியிருந்தன. கெட்ட உணவு மட்டுமல்ல, மிஞ்சிய நல்ல உணவும் நஞ்சு. மின்சாரம் இல்லாத வேளையில் உணவே வேண்டாம். ஆரோக்கியமான மீன் இரண்டு மூன்று நாள் பசி தாங்கும்.

அந்த மாதங்களில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. இறக்குமதி உணவு எட்டாத பொருளாயிற்று. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மனிதர் வரிசையில் நின்றபோது மீனுக்கு உணவு தேடுவது எனக்கே கூச்சமாக இருந்தது. தில்லையாற்றில் விட்டுவிடலாமே என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அது கருணை அல்ல. தென்னமெரிக்காவிலிருந்து தொட்டிக்கு வந்த பிளெக்கோ, விக்டோரியா, கலாவெவ போன்ற நீர்த்தேக்கங்களில் பெருகி மீனவரின் வலைகளுக்குத் தொல்லையாகிவிட்டது. நமது ஆற்றுக்கும் அந்தச் சுமை வேண்டாம்.

கையிலிருந்தவற்றைக் கொண்டு உணவு செய்தோம். உப்பில்லாமல் அவித்த மீன் சதை, பசளிக்கீரை, பூசணிக்காய், சிறிது பயறு. இவற்றை அரைத்துக் கடற்பாசிக் கூழில் கலந்து உறையவிட்டு, சிறு துண்டுகளாக வெட்டிக் குளிரூட்டியில் வைத்தோம். அது தண்ணீரில் கரையாமல் மூழ்கும். காய்ந்த கூனியைக் கொடுக்கலாமா என்றால், அதில் உப்பு இருக்கலாம். நன்றாக ஊறவைத்துக் கழுவாமல் கூடாது. பச்சை இறாலை மட்டுமே நாளாந்தம் கொடுத்தால், அதிலுள்ள ஒரு நொதியம் உயிர்ச்சத்து பி1ஐ அழித்துவிடும். மாட்டிறைச்சிக் கொழுப்பு மீனின் ஈரலுக்கு ஒவ்வாது. நுளம்புக் குடம்பி அருமையான உணவுதான். ஆனால் அதை வீட்டில் வளர்ப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். டெங்கு வாட்டும் நாட்டில் அந்தச் சட்டம் நியாயமானதே.

கடற்பாசி வாங்கப் போனபோது ரமழான் மாதம். அந்தப் பழைய மீன்கடைக்காரரைச் சந்தையில் கண்டேன். கடை பாதி காலியாகிவிட்டதாகச் சொன்னார். உணவு வரவில்லை, இருந்த மீன்களும் மெலிகின்றன. நான் என் இரண்டு தவறுகளையும் சொல்லி, செய்முறையையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "நான் எத்தின பேருக்கு அப்பிடிச் சொல்லி வித்திருப்பன் சேர்" என்றார். மறுவாரம் அவர் மனைவி நோன்பு திறக்கக் கடற்பாசி காய்ச்சிய அடுப்பிலேயே மீன்களுக்கும் ஒரு தட்டுக் காய்ச்சியிருந்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டு வந்தது. அது மனிதருக்கானது.

நண்பர் கேட்டது எந்தப் பெட்டி நல்லது என்று. பெட்டியின் பெயரை நான் சொல்லவில்லை. சிறிய பெட்டியாக வாங்குங்கள். திறந்து சில மாதங்களில் உயிர்ச்சத்து குன்றிவிடும். மீன் எந்த மட்டத்தில் வாழ்கிறதோ அந்த மட்டத்துக்குப் போய்ச் சேரும் உணவாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை கீழிருந்து அதன் வயிற்றைப் பாருங்கள். மெல்ல உருண்டிருந்தால் நலம், குழிந்திருந்தால் பசி. ஆற்றிலுள்ள சுங்கான் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். கண்ணாடிக்குள் இருக்கும் மீனுக்கு நம் கை கொடுக்காத எதுவும் கிடைக்கப் போவதில்லை.

பேத்தி இப்போது தொட்டியின் மேல் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறாள். "டேங்க் கிளீனருக்கும் சாப்பாடு" என்று எழுதியிருக்கிறது. நான் எத்தனையோ தலைப்புகள் எழுதியிருக்கிறேன். இதில் திருத்த எதுவும் இல்லை.