‘ஒரு வெள்ளக் குட்டி வாங்கிக் குடுடீ!’

சேத்தூர்னு சொன்னா எங்க காலேஜ்ல யாருக்கும் தெரியாது. ‘ராஜபாளையத்துல இருந்து தென்காசி ரோட்டுல போனா வருமே...’னு நான் விளக்கி முடிக்கிறதுக்குள்ள எதிர்ல நிக்கிற ஆளோட முகத்துல பல்பு எரியும். “ஹே, ராஜபாளையமா? அப்போ எனக்கு ஒரு வெள்ளக் குட்டி வாங்கிக் குடுடீ!”

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அடுத்தபடியா என்கிட்ட வர்ற ஆர்டர் இதுதான். பால்கோவா பிரச்னை இல்லை. பஸ் ஸ்டாண்ட்ல வாங்கி பைக்குள்ள வெச்சுக்கிட்டு வந்தா, ஹாஸ்டல்ல பத்து நிமிஷத்துல காலி. நாய்க்குட்டி அப்படியா? பத்து வருஷத்துக்கு மேல நம்மகூட இருக்கப்போற உயிர்!

எங்க தாத்தாவோட தென்னந்தோப்புல எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்தே ராஜபாளையம் நாய்கள் உண்டு. போன கோடையில ஏழு குட்டிகள் பிறந்துச்சு. தாத்தா குட்டிக்குக் காசு வாங்க மாட்டார். ஆனா, கேள்வி கேட்பார். எங்க வெச்சு வளர்ப்ப? பகல்ல யார் இருப்பா? ஊசி, தீனிக்கு என்ன வழி? பத்து வருஷம் கழிச்சு நீ எங்க இருப்ப? நாலுக்கும் பதில் சரியா வந்தாத்தான் குட்டி கைக்கு வரும். என் ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தர்கூட பாஸ் ஆகலைங்கிறது தனிக் கதை. முதல் தடவையா நாய் வளர்க்கணும்னு ஆசைப்படுற எல்லாரும் இந்த வைவாவை ஒருதடவை அட்டெண்ட் பண்ணிப் பார்க்கலாம்.

ஆள் யாருன்னு தெரியுமா?

முதல்ல பயோடேட்டா. பால் வெள்ளை நிறம், ரோஸ் கலர் மூக்கு, குட்டை முடி, ஆழமான மார்பு, ஒட்டின வயிறு, நீளக் கால். வளர்ந்தா தோள்பட்டை வரைக்குமே ரெண்டு, ரெண்டரை அடி உயரம். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாலு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டப்ப, அதுல எங்க ஊர்க்காரரும் ஒருத்தர். 2020 ஆகஸ்ட்ல பிரதமர் தன்னோட ‘மனதின் குரல்’ வானொலிப் பேச்சுல ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களோட பேரைச் சொன்னார். தியடோர் பாஸ்கரன் எழுதி 2017-ல் வந்த இந்திய நாய்கள் பத்தின இங்கிலீஷ் புத்தகத்துலயும் இந்த இனங்களைப் பத்திப் படிக்கலாம்.

பெருமை எல்லாம் சரி. ஆனா, இது சோஃபாவுக்காக உருவான நாய் இல்லை. கண்ணால பார்த்து, விரட்டிப் பிடிக்கிற வேட்டை நாய். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் வேட்டை சட்ட விரோதம் ஆகிடுச்சு. நாய்க்கு இருந்த வேலை போச்சு. ஆனா, ரத்தத்துல இருக்கிற ஓட்டம் போகலை. கோழி, பூனை, அணில்னு எது ஓடினாலும் இது பின்னாலயே ஓடும். எங்க ஊருக்கு மேற்கே மலை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமா அறிவிச்ச காடு அந்தப் பக்கம்தான். அதனால தாத்தா தோப்புக்கு வேலி போட்டுட்டார். “காட்டுக்குள்ள நம்ம நாய்க்கு என்ன சோலி?”ம்பார். நியாயம்தானே? நம்ம நாய்கிட்ட இருந்து காட்டு விலங்குகளுக்கு நோய்கூடத் தொத்தும்.

எங்க வெச்சு வளர்ப்ப?

என் ரூம்மேட் சொன்ன பதில்: “வீட்டு பால்கனியில!” பாவம், தாத்தாவுக்கு பால்கனின்னா என்னன்னு விளக்கவே எனக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. “துணி காயப்போடுற இடத்துலயா?”னு கேட்டுட்டு போனை வெச்சுட்டார்.

ராஜபாளையம் நாய்க்கு தினமும் காலையும் மாலையும் ஓட்டம் வேணும். வேலி போட்ட இடம் இருந்தா உத்தமம். இல்லைன்னா, வெயில், மழை பார்க்காம கூட்டிட்டுப் போக ஒரு ஆள் கட்டாயம் வேணும். கட்டியே போட்டு வளர்த்தா குரைச்சே தெருவை எழுப்பும். அலுப்புல கையில கிடைச்சதை எல்லாம் கடிச்சுக் குதறும். அதுக்குக் கோபம் இல்லை, போர்! ரோஸ் மூக்குங்கிறதால உச்சி வெயில் வேற ஆகாது. நிழலும் தண்ணியும் எப்பவும் இருக்கணும்.

இன்னொரு விஷயம், இது ஒரு ஆளை எஜமானா ஏத்துக்கிற நாய். புதுசா வர்றவங்க தலையைத் தடவினா வாலாட்டாது. ‘என் ஃப்ரெண்ட்ஸ் வந்தா கொஞ்சுவாங்க’ங்கிற பிளான் இருந்தா, மறந்துடுங்க. குட்டியா இருக்கும்போதே வெளி ஆளுங்க, குழந்தைங்க, வண்டிச் சத்தம்னு எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும். வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. சென்னை மாதிரி மாநகராட்சின்னா உரிமமும் எடுக்கணும்.

பகல்ல யார் இருப்பா?

சுவிட்சர்லாந்துல கினிப் பன்றியை ஒத்தையா வளர்க்கக் கூடாதுன்னு 2008-லயே சட்டம் போட்டுட்டாங்க. கூட்டமா வாழ்ற உயிர், துணை இல்லாம இருந்தா வாடிடும்ங்கிறது காரணம். உள்ளங்கை ரெண்டுக்குள்ள அடங்குற பிராணிக்கே அந்த ஊர்ல அவ்ளோ யோசிக்கிறாங்க. நாம காலையில எட்டு மணிக்குக் கிளம்பி, கிளாஸ், லேப், ஸ்பெஷல் கிளாஸ்னு ராத்திரி ஏழு மணிக்கு வந்தா, அந்தப் பதினோரு மணி நேரமும் குட்டி என்ன பண்ணும்?

“அம்மா பார்த்துப்பாங்க!” இதுதான் நம்ம செட்டோட ஸ்டாண்டர்ட் பதில். அம்மாகிட்ட கேட்டீங்களா? குட்டிக்கு ஒரு நாளைக்கு மூணு, நாலு வேளை சாப்பாடு. கண்ட இடத்துல போற மூத்திரத்தைத் துடைக்கணும். ராத்திரி அழுதா எழுந்திருக்கணும். நம்ம ஆசைக்கு அம்மாவோட தூக்கத்தை எழுதிக் கொடுக்க நாம யாரு?

காது கேக்குதா பாரு!

நாலு கேள்விக்கும் நடுவுல ஒரு பிராக்டிகல் இருக்கு. இது குட்டிக்கு வைக்கிற டெஸ்ட். போன கோடையில பிறந்த ஏழு குட்டிகள்ல ஒண்ணு வித்தியாசமா இருந்துச்சு. ஆறாவது வாரம் இருக்கும். தட்டுச் சத்தம் கேட்டா ஆறும் தலைதெறிக்க ஓடி வரும். ஒண்ணு மட்டும் தூங்கிட்டே இருக்கும். பக்கத்துல படுத்திருந்தது மிதிச்சுட்டுப் போனாத்தான் முழிக்கும். முழிச்சுட்டா மத்ததுங்க பின்னாலயே ஓடிடும். அதனால யாருக்கும் தெரியலை. தாத்தாதான் அதுக்குப் பின்னால தள்ளி நின்னு சாவிக்கொத்தை ஆட்டினார். திரும்பலை. தகர டப்பாவைத் தட்டினார். திரும்பலை. “இதுக்குக் காது கேக்கலை தாயி”ன்னார்.

வெள்ளை நிற நாய்கள்ல இது வரக்கூடிய பிரச்னை. முடிக்கு நிறம் கொடுக்கிற நிறமி செல்கள் உள்காதுலயும் இருக்கணும். அது அங்க இல்லைன்னா, காதுக்குள்ள ரத்தம் ஓடுற ஒரு அடுக்கு வாடிப்போய், ஒலியை உணர்ற செல்கள் பிறந்த சில வாரத்துலயே செத்துடும். டால்மேஷனுக்கும் இதே கதைதான். அமெரிக்காவுல சோதிச்சுப் பார்த்த டால்மேஷன்கள்ல சுமார் 30 சதவிகிதத்துக்கு ஒரு காதாவது கேட்கலை. அதுக்காக எல்லா வெள்ளை நாயும் செவிடுன்னு அர்த்தம் இல்லை. பார்த்து வாங்கணும், அவ்ளோதான்.

எப்படிப் பார்க்கிறது? குட்டியைக் கூட்டத்துல இருந்து தனியாப் பிரிங்க. அது உங்களைப் பார்க்காத நேரத்துல, பின்னாலிருந்து சத்தம் கொடுங்க. தரையைத் தட்டாதீங்க, அதிர்வு தெரிஞ்சுடும். முகத்துக்கிட்ட கை தட்டாதீங்க, காத்து பட்டுடும். ஒரு காது மட்டும் கேட்கலைன்னா இந்த வித்தை பலிக்காது. அதுக்கு மெஷின் டெஸ்ட் இருக்கு. காதுக்குள்ள ‘டிக் டிக்’னு சத்தம் கொடுத்து, தலையில எலெக்ட்ரோடு வெச்சு, மூளைத் தண்டுல கிளம்புற மின் அலையைப் பதிவு பண்ணுவாங்க. பச்சக் குழந்தைகளுக்கு காது கேட்குதான்னு பார்க்கிற அதே ‘பெரா’ டெஸ்ட்தான். சிக்னலையும் நாய்ஸையும் பிரிக்கிறதுதான் இதுல முழு வேலையே. நான் இ.சி.இ.ங்கிறதால, செமஸ்டர் முழுக்கப் புரியாதது எனக்கு நாய்க்குட்டியாலதான் புரிஞ்சது. இந்த வசதி எல்லா ஊர்லயும் இருக்காது. பெரிய கால்நடை மருத்துவமனைகள்ல விசாரிச்சுக்கோங்க.

மத்த ஆறு குட்டியும் போயிடுச்சு. இதைக் கேட்டு யாரும் வரலை. ஒருத்தர் ஆசையாத் தூக்கினவர், விஷயம் தெரிஞ்சதும் இறக்கி விட்டுட்டார். தாத்தா அதுக்கு ‘சங்கு’ன்னு பேர் வெச்சார். நிறமும் சங்கு. செவிடன் காதுல ஊதினதும் சங்கு! அந்த ஜோடியை இனிமே சேர்க்கிறதில்லைன்னும் முடிவு பண்ணிட்டார். சங்கும் அப்பா ஆகப்போறதில்லை. இந்தக் குறை பரம்பரையா வர்றது.

சங்கு இப்போ செம ஸ்மார்ட். உள்ளங்கையைக் கீழே காட்டினா உட்காரும். ராத்திரியில டார்ச்சை ரெண்டு தடவை மின்ன விட்டா ஓடி வரும். தூங்கும்போது திடீர்னு தொடக் கூடாது, பதறிடும். அதனால அதோட மூக்குக்குப் பக்கத்துல கையை வெச்சு, வாசனை பிடிக்க விட்டுத்தான் எழுப்புவோம். வேலிக்கு வெளிய அவிழ்த்து விடுறதே இல்லை. பின்னால வர்ற லாரியோட ஹாரன் அதுக்குக் கேட்காதே!

ஊசி, தீனிக்கு என்ன வழி?

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாதுன்னு 2017-ல் வந்த மத்திய அரசு விதி சொல்லுது. தாய்கிட்டயும் கூடப் பிறந்ததுங்ககிட்டயும் விளையாடித்தான் ‘எவ்ளோ அழுத்திக் கடிச்சா வலிக்கும்’னு குட்டி கத்துக்கும். ‘முப்பது நாள் குட்டி இருக்கு, உடனே வாங்க’ன்னு யாராவது கூப்பிட்டா, போகாதீங்க. முடிஞ்சா தாய் நாயையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

ஆறு முதல் எட்டு வாரத்துல முதல் ஊசி. அப்புறம் மூணு, நாலு வாரத்துக்கு ஒருதடவைன்னு பதினாறு வாரம் வரைக்கும் தொடரணும். இதை விட்டா பார்வோ வைரஸ் வரும். ரத்தக் கழிச்சல்ல ரெண்டே நாள்ல குட்டி போயிடும். மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்ற கணக்குப்படி வருஷா வருஷம். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா நாயோ மனுஷனோ பிழைக்கிறது கிடையாது. அதனால வீட்டு நாய்தானேன்னு கடியை அலட்சியப்படுத்தாம, சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு, நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசி இலவசம். உண்ணிக்கும் குடல் புழுவுக்கும் தனியா மருந்து உண்டு. சந்தேகம்னா நம்ம ஊர் அரசு கால்நடை மருந்தகத்துல கேளுங்க.

சாப்பாடு? வெறும் தயிர் சாதம் பத்தாது. முட்டை, கறி மாதிரி புரதம் வேணும். சாக்லேட், வெங்காயம், திராட்சை மூணும் விஷம். பர்த்டே கேக் ஊட்டி போட்டோ எடுக்கிற கோஷ்டி கவனிக்க! வேக வெச்ச கோழி எலும்பு உடைஞ்சு குடலைக் குத்தும். ஆழமான மார்பு உள்ள நாய்ங்கிறதால, சாப்பிட்டதும் ஓட விடக் கூடாது. வயிறு உப்பி முறுக்கிக்கிட்டா சில மணி நேரத்துல உயிருக்கே ஆபத்து.

பத்து வருஷம் கழிச்சு நீ எங்க இருப்ப?

1996-ல் டால்மேஷன் நாய்களை வெச்சு ஒரு ஹாலிவுட் படம் வந்துச்சு. தியேட்டர்ல இருந்து வெளிய வந்த குழந்தைங்க எல்லாம் அதே நாய் வேணும்னு அடம். வாங்கினாங்க. அடுத்த ஒண்ணு, ரெண்டு வருஷத்துல அமெரிக்கக் காப்பகங்கள்ல டால்மேஷன்கள் குவிஞ்சுது. ஓட்டம் அதிகம், அடங்காது, சிலதுக்குக் காது கேட்காது... இது எதுவும் படத்துல இல்லையே! நாட்டு நாய் மேல இப்போ நமக்கு வந்திருக்கிற பாசம் நல்ல விஷயம்தான். அது ரீல்ஸ்ல முடிஞ்சுடக் கூடாதுன்னுதான் என் கவலை.

இந்தக் கடைசிக் கேள்வியை தாத்தா என்கிட்டயும் கேட்டார். ஏழு குட்டி பிறந்தப்ப, ‘ஒண்ணு எனக்கு’ன்னு நானும்தான் கையைத் தூக்கினேன். “வேலை எந்த ஊர்ல தாயி கிடைக்கும்? சென்னையா, பெங்களூரா? ரூம்ல நாலு பிள்ளைகளோட இருப்ப. அங்க இது எங்க ஓடும்?” நான் ஒண்ணும் பேசலை. பேச என்ன இருக்கு?

தாத்தாவுக்கு எழுபத்து ரெண்டு வயசு. சங்குக்கு ஒண்ணு. கணக்குல நான் கொஞ்சம் வீக்தான். ஆனா, இந்தக் கழித்தல் கணக்கு எனக்குப் புரியுது. தாத்தாவால முடியாமப் போற ஒரு நாள்ல, அந்தக் கை சைகை எல்லாம் தெரிஞ்ச ஒரு ஆள் சங்குக்கு வேணும். அதான் இந்த செமஸ்டர் பிளேஸ்மென்ட் ஃபார்ம்ல ‘விருப்பமான ஊர்’ங்கிற கட்டத்துல முதல் சாய்ஸ் மதுரைன்னு எழுதியிருக்கேன். சம்பளம் கம்மியா இருக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினா ராத்திரிக்குள்ள தோப்புக்குப் போயிடலாம்ல?

நீங்க நாலு கேள்விக்கும் ‘யெஸ்’னா, தாராளமா வளர்க்கலாம். உயிரைக் கொடுத்து உங்க வீட்டைக் காக்கும் அந்த நாய். ஒண்ணுக்குப் பதில் இல்லைன்னாலும் கொஞ்சம் பொறுங்க. அதுவரைக்கும் கொஞ்சணும்னு தோணுச்சுன்னா, உங்க ஊர் விலங்குகள் காப்பகத்துல ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் உதவி பண்ணுங்க. தெரு நாய்க்கு வாசல்ல ஒரு கிண்ணம் தண்ணி வைங்க. அவசரம் வேண்டாம் மக்கா... முதல்ல நாம ஒரு இடத்துல செட்டில் ஆவோம், குட்டி தானா வந்து சேரும்!