ரெண்டு பேர்டா, ரெண்டு பேர்

மாடக்குளம் கம்மாய் நிறைந்து கிடக்கும் மாதங்களில், சாயங்காலக் காற்று நெல்வயல் வாசத்தைச் சுமந்துகொண்டுதான் பழங்காநத்தத்துத் தெருக்களுக்குள் நுழையும். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் அப்பத்தா காய்ச்சும் பருத்திப்பாலின் கருப்பட்டி மணமும், மில்லிலிருந்து வந்த சித்தப்பாவின் சட்டையில் ஒட்டியிருக்கும் எண்ணெய் வாடையும் அதோடு சேர்ந்துகொள்ளும். சித்தப்பா தூக்குவாளியைத் திண்ணையில் வைத்து, கால் கழுவி, நேராக ரேடியோவிடம் போவார். பழைய வால்வு செட்டு அது. திருகியவுடன் பாடிவிடாது. உள்ளே மஞ்சளாக வெளிச்சம் வந்து, தூசி வறுபடுகிற மாதிரி ஒரு வாசனை கிளம்பி, அப்புறம்தான் பைய வாய் திறக்கும். மாடியில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய ஏரியல் காற்றில் ஆடினால் இலங்கை வானொலியும் சேர்ந்து ஆடும். "டேய், மூங்கிலைப் பிடிடா" என்று கீழேயிருந்து குரல் வரும். நான் மாடியில் மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். கடல் தாண்டி வந்த, அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலை அப்படி எத்தனை நாள் நின்றுகொண்டே கேட்டிருக்கிறேன்!

சித்தப்பாவின் தகரப்பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் பாட்டுப் புத்தகங்கள் இருக்கும். பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் என்று 1961இல் வந்த மூன்று படங்களின் புத்தகங்களும் ஒரே நூலில் கட்டியிருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய நாளில் அவற்றில் ஒன்றை எடுத்து, 'இசை: விஸ்வநாதன் - ராமமூர்த்தி' என்று சத்தமாக வாசித்தேன். அத்தனை நீளப் பெயரை அந்த ஆளுக்கு எப்படி வைத்தார்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒரு பெயருக்குக் கீழே ஆர்மோனியப் பெட்டியும் இன்னொன்றுக்குக் கீழே பிடிலும் வரைந்தார். "ரெண்டு பேர்டா, ரெண்டு பேர். இவர் பாலக்காட்டுப் பக்கம், அவர் திருச்சி."

அவர் சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரியும். இருவரும் சி.ஆர். சுப்பராமனிடம் வேலை பார்த்தவர்கள். 1952இல் அவர் திடீரென்று இறந்துபோக, 'தேவதாஸ்' படத்தில் அவர் விட்டுப்போன வேலையை இருவரும் சேர்ந்து முடித்துக் கொடுத்தார்கள். அப்புறம் 'பணம்' படத்தில் தொடங்கி அவர்கள் பெயர் சேர்ந்தே வந்தது. 1963இல் சிவாஜி கையால் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டம் வாங்கியதை, தன் வீட்டு விசேஷம் மாதிரி சொல்வார் சித்தப்பா. 'காதலிக்க நேரமில்லை' பாட்டு வந்தால் போதும், தூக்குவாளி மூடியைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு விரலால் போங்கோ தட்ட ஆரம்பித்துவிடுவார். அடுத்து 'கர்ணன்' பாட்டு வந்தால் அந்தக் கை தானாக நின்றுவிடும். கண்ணை மூடிக்கொள்வார். "ரெண்டும் ஒரே வருசம்டா, அதே ரெண்டு பேருதான்" என்பார். டீக்கடையில் யாராவது "விஸ்வநாதன் பாட்டு" என்றால், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ராமமூர்த்தி" என்று மெதுவாகச் சேர்த்துச் சொல்வார். சண்டைக்காகச் சொன்னதில்லை. கோயிலில் ஒரு சாமியைக் கும்பிட்டு இன்னொரு சாமியை விட்டுவந்த ஆளுக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி இருக்கும்.

1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது. அதோடு இருவரும் பிரிந்தார்கள். அந்தச் சேதி வந்த அன்று சித்தப்பா வழக்கம்போல ரேடியோ வைத்தார், பாட்டும் வந்தது. தூக்குவாளி மூடி மட்டும் வாளியிலேயே இருந்தது. அப்பத்தா, "என்னப்பா, மேலுக்கு முடியலையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறு வருசம் ராமமூர்த்தி தனியாக இசையமைத்த படத்துக்குப் பெயர் 'மறக்க முடியுமா'. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுச் சித்தப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தது நினைவிருக்கிறது.

பின்னாளில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் ஒருத்தன் பீட்டில்ஸ் பைத்தியம். அந்த நாலு பேரும் 1970இல் பிரிந்துபோனதைச் சொல்லும்போது அவன் குரல் கம்மிவிடும். மற்றவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். என்னால் முடியவில்லை. எனக்கு அந்தத் துக்கத்தைச் சின்ன வயசிலேயே தெரியும்.

முப்பது வருசம் கழித்து, 1995இல், 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் இரண்டு பெயரும் மறுபடி சேர்ந்து வந்தன. சித்தப்பாவுக்கு அப்போது பார்வை மங்கிவிட்டது. தியேட்டரில் என் கையைப் பிடித்தபடி, "வந்துருச்சா? சேர்ந்தா வருது?" என்று கேட்டார். "சேர்ந்துதான் சித்தப்பா" என்றேன். கையை விட்டார். பக்கத்து நாற்காலிக் கையில் இரண்டு விரல் தட்டும் சத்தம் கேட்டது.

ராமமூர்த்தி 2013இலும் விஸ்வநாதன் 2015இலும் போய்ச் சேர்ந்தார்கள். இன்று பேருந்திலும் கல்யாண வீட்டிலும் அந்தப் பாட்டுகள் ஒலிக்கும்போது, "எம்.எஸ்.வி. பாட்டு" என்று ஒற்றைப் பெயரில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 1952க்கும் 1965க்கும் நடுவே அவர்கள் போட்ட பாட்டென்றால், தயவுசெய்து இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.